ஆய்வேட்டைப் ‘ப்ராஜெக்ட் சென்டர்’களில் கொடுக்கும் முன் ஓர் எச்சரிக்கை

முதுகலை இறுதிப் பருவத்தில் ஆய்வேடு சமர்ப்பிக்க இருப்பவர்கள், குறிப்பாகத் தாமே எழுதி முடித்துவிட்டு, ஒப்புமை அறிக்கை (ஆய்வேடு பிறர் எழுத்துடன் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் தரும் கணக்கு), துணைநூற்பட்டியல், அட்டவணை வடிவமைப்பு, பைண்டிங் போன்ற கடைசி வேலைகளை மட்டும் ‘ப்ராஜெக்ட் சென்டர்’ எனப்படும் கடைகளில் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். பணம் கொடுத்து ஆய்வேட்டையே எழுதி வாங்குவது பற்றி நான் பேசவில்லை. அது தவறு என்பது வாங்குபவருக்கும் தெரியும். சொந்த உழைப்பில் உருவான ஆய்வேடு இந்தக் கடைசி வேலைகளின்போது எப்படிக் கெடுக்கப்படுகிறது என்பதையே சொல்ல வருகிறேன்.

என் ஆய்வு தருமபுரி மாவட்ட மகளிர் சுய உதவிக் குழுக்கள் வங்கிக் கடனைத் திருப்பிச் செலுத்தும் முறையைப் பற்றியது. தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 1989ஆம் ஆண்டு பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் அந்த மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டன என்பதாலும், குழுக்கள் வங்கிகளில் கடன் பெற வழிசெய்து 1992இல் நபார்டு வங்கி கொண்டுவந்த வங்கி இணைப்புத் திட்டத்துக்கு முந்தைய அனுபவம் உள்ள பெண்களை அங்கே சந்திக்க முடியும் என்பதாலும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். நெறியாளர் ஒப்புதல் தந்த வினாநிரலை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று தரவு திரட்டி, வணிகவியல் துறை வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதி முடித்திருந்தேன். கல்லூரிக்கு அருகிலுள்ள ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் நான் கேட்டவை மூன்றுதான்: ஒப்புமை அறிக்கை, பக்க வடிவமைப்பு, பைண்டிங். இதற்கு அவர்கள் வாங்கிய தொகை எங்கள் பருவத் தேர்வுக் கட்டணத்தைவிட அதிகம்.

கேட்காமலேயே அவர்கள் செய்த முதல் வேலை, ஒப்புமை விழுக்காட்டைக் ‘குறைத்தது’. இதற்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை; 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும்; 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய வடிவத்தைச் சமர்ப்பிக்க முடியாது; அதற்கும் மேலே போனால் பதிவே ரத்தாகும். உரிய முறையில் சுட்டப்பட்ட மேற்கோள்களும், துணைநூற்பட்டியலும், பொருளடக்கமும், நன்றியுரையும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. கடைக்காரர்களோ அவற்றையெல்லாம் சேர்த்து ஒரு பெரிய எண்ணைக் காட்டி அச்சுறுத்துகிறார்கள்; பிறகு தாமே அதைக் குறைத்துத் தந்ததாகக் கூறிக் கூடுதல் பணம் கேட்கிறார்கள்.

குறைத்த விதம் இன்னும் மோசம். ஒரு சொல்லுக்கு மாற்றாக வேறொரு சொல்லைத் தானாகவே போடும் மென்பொருளில் என் கோப்பு முழுவதையும் ஓடவிட்டிருக்கிறார்கள். விளைவாக, வட்டி வீதம் என்று பொருள்பட நான் எழுதியிருந்த ‘இன்ட்ரெஸ்ட் ரேட்’ எல்லா இடங்களிலும் ‘க்யூரியாசிட்டி ரேட்’, அதாவது ‘ஆர்வ வீதம்’ ஆகிவிட்டது. ‘செல்ஃப் ஹெல்ப் குரூப்’ என்பது ‘ஓன் அசிஸ்டன்ஸ் கேதரிங்’ என்று மாறியிருந்தது. என் நெறியாளர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்; அந்தச் சமயத்தில் என்னால் சிரிக்க முடியவில்லை. ஆய்விதழ்களிலும் இத்தகைய சிதைந்த சொற்றொடர்கள் கிடக்கின்றன. செயற்கை நுண்ணறிவைக் (ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்) குறிக்க ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்’ (போலி உணர்வுநிலை) என்று அச்சான கட்டுரைகளைப் பிரெஞ்சு ஆய்வாளர் கியோம் கபனாக்கும் அவருடைய குழுவினரும் 2021இல் வெளிக்கொணர்ந்தார்கள். பிறர் எழுத்தைத் திருடி இப்படிச் சொல் மாற்றி மறைப்பவர்களைக் கண்டுபிடிக்க இன்று இச்சொற்களே துப்பாக இருக்கின்றன. அதாவது, எதையும் திருடாத என் ஆய்வேட்டில் திருடியவர்களுக்கு உரிய தடயத்தைக் கடைக்காரர் பதித்துக் கொடுத்திருந்தார்.

துணைநூற்பட்டியலிலும் கை வைத்திருந்தார்கள். நபார்டு அறிக்கைகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு ஆகியவற்றை நீக்கிவிட்டு, கேள்விப்படாத ஆய்விதழ்களின் கட்டுரைகளைச் சேர்த்திருந்தார்கள். அவற்றின் டிஓஐ எண்களை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் தனி அடையாள எண்) தேடிப் பார்த்தபோது சில எண்கள் பதிவிலேயே இல்லை. ஒன்று வேதியியல் கட்டுரைக்குக் கொண்டுபோய் விட்டது. இல்லாத கட்டுரையை மேற்கோள் காட்டுவது வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வியில் வெளிப்பட்டுவிடும், பதில் சொல்ல வேண்டியவரோ மாணவர்.

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கச் செய்தது அட்டவணை. குடும்ப வருமானத்தை நான்கு பிரிவாகவும், கடன் திருப்பிச் செலுத்தலை மூன்று பிரிவாகவும் வைத்துக் இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று காட்டும் கை-வர்க்கச் சோதனை (கை-ஸ்கொயர் டெஸ்ட்) செய்திருந்தேன். பிரிவுகளின் எண்ணிக்கையிலிருந்து கணக்கிடப்படும் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (4–1) × (3–1), அதாவது 6. கிடைக்கும் மதிப்பு, அந்த எண்ணுக்குரிய புள்ளியியல் அட்டவணை மதிப்பைத் தாண்டினால் தொடர்பு உண்டு என்று பொருள். ஐந்து விழுக்காட்டு மட்டத்தில் அட்டவணை மதிப்பு 12.592, எனக்குக் கிடைத்த மதிப்பு 13.8 என்பதால் வருமானத்துக்கும் திருப்பிச் செலுத்தலுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதியிருந்தேன். கடையில் வேறு யாருடைய ஆய்வேட்டிலிருந்தோ எடுத்த அட்டவணைச் சட்டத்துக்குள் என் எண்ணைத் தட்டச்சு செய்ததில் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 8 என்றும், அட்டவணை மதிப்பு 15.507 என்றும் அச்சாகிவிட்டன. அந்த எண்களின்படி தொடர்பே இல்லை என்றாகிறது. அட்டவணை ஒன்று சொல்ல, முடிவுரை அதற்கு நேர்மாறாகச் சொல்லும் ஆய்வேட்டைப் பார்க்கும் புறத்தேர்வாளர், தரவையே நான் வீட்டில் உட்கார்ந்து இட்டுக்கட்டியதாகத்தான் நினைப்பார்.

அடுத்தது பலருக்குத் தெரியாத ஒன்று. டர்னிடின் போன்ற ஒப்புமை கண்டறியும் மென்பொருள்கள் கல்வி நிறுவனங்களுக்கு உரிமமாக வழங்கப்படுபவை. கடைக்காரரிடம் இருப்பது பெரும்பாலும் எங்கோ ஒரு நிறுவனத்தின் ஆசிரியர் கணக்கின் கடவுச்சொல். கோப்பைச் சேமிப்பில் வைக்க வேண்டாம் என்ற தெரிவைச் செய்யாமல் அவர் பதிவேற்றினால், உங்கள் ஆய்வேடு அந்தத் தரவுத்தளத்தில் தங்கிவிடும். பிறகு உங்கள் கல்லூரி அதே மென்பொருளில் பரிசோதிக்கும்போது, முன்பின் அறியாத ஒரு நிறுவனத்தில் ஏற்கெனவே சமர்ப்பிக்கப்பட்ட மாணவர் கட்டுரையுடன் ஏறக்குறைய முழுவதுமாக ஒத்துப்போவதாக அறிக்கை வரும். எனக்கு வந்தது. அதை நீக்கும்படி மாணவர் நேரடியாகக் கேட்க முடியாது. எந்த நிறுவனத்தின் கணக்கில் பதிவேறியதோ அந்த நிறுவனமே கேட்க வேண்டும்.

கடைக்காரரிடம் நான் முறையிட்டபோது, “எல்லாரும் இப்படித்தான் வாங்கிட்டுப் போறாங்கம்மா, யாரும் படிச்சுப் பார்க்க மாட்டாங்க” என்று பதில் வந்தது. பணம் திரும்பக் கிடைக்கவில்லை. ரசீது கேட்டதற்குத் தொகை குறிப்பிடாத ஒரு துண்டுச் சீட்டைத்தான் தந்தார்கள். நிரப்பப்பட்ட வினாநிரல்களும், நெறியாளர் தேதியிட்டுக் கையொப்பமிட்ட வரைவு அத்தியாயங்களும் என்னிடம் இருந்ததால்தான் துறைத்தலைவர் என் விளக்கத்தை ஏற்று மறுசமர்ப்பிப்புக்கு அனுமதித்தார்.

இவ்வளவுக்கும் இந்த வேலைகளில் பைண்டிங் தவிர எதற்கும் வெளியே போக வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின்கீழ் இயங்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் ஷோத்சுத்தி திட்டத்தின் வழியாக 2019 முதல் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்புமை கண்டறியும் மென்பொருள் வழங்கப்பட்டு வருகிறது. உங்கள் கல்லூரிக்கு அந்த வசதி கிடைக்குமா என்று நூலகரிடம் கேளுங்கள். துணைநூற்பட்டியலை ஒழுங்குபடுத்த ஸோட்டெரோ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பைண்டிங்குக்குப் பிடிஎஃப் கோப்பை மட்டும் கொடுங்கள். வேர்ட் கோப்பைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கோப்பைக் கொடுத்துவிட்டவர்கள், கடை தந்த அறிக்கையில் உள்ள சமர்ப்பிப்பு எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, கல்லூரி தன் பரிசோதனையைச் செய்வதற்கு முன்பே நெறியாளரிடம் எழுத்துவடிவில் தெரிவித்துவிடுங்கள். கடையிலிருந்து வரும் கோப்பை உங்கள் மூலக் கோப்புடன் வேர்ட் மென்பொருளின் ‘கம்பேர்’ வசதியில் வைத்துப் பார்த்தால் மாற்றப்பட்ட ஒவ்வொரு சொல்லும் தெரிந்துவிடும். அட்டவணைகள் படமாக ஒட்டப்பட்டிருந்தால் அதில் சிக்காது என்பதால், எண்களை மட்டும் கையால் சரிபாருங்கள்.