ஓராண்டாக எங்கள் மேசையில்: ரப்பர் ஆய்வுக்கான எஃப்.டி.ஐ.ஆர். கருவி

மாதிரி எந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்த்து, அதில் என்ன இருக்கிறது எனக் காட்டும் கருவி இது. இதில் நான் அதிகம் பார்ப்பது எஸ்.பி.ஆர். (ஸ்டைரீனும் பியூட்டாடையீனும் சேர்ந்த செயற்கை) ரப்பரில் ஸ்டைரீன் எவ்வளவு என்பதைத்தான். அரிசி மணி அளவு துண்டை வைரப் படிகத்தில் வைத்து அழுத்தினால் ஒரு நிமிடத்தில் நிறமாலை, அதாவது எந்த அலை எண்ணில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்ற வரைபடம், வந்துவிடும். அலை எண் 700 பக்கம் ஸ்டைரீன், 910-இல் வினைல், 967-இல் டிரான்ஸ் பியூட்டாடையீன் (இவ்விரண்டும் பியூட்டாடையீன் இணைந்திருக்கும் வடிவங்கள்). மூன்று முகடுகளும் தனித்தனியே நிற்பதைப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கும்.

கார்பன் பிளாக் என்னும் நுண்ணிய கரித்தூள் கலந்த ரப்பர் என்றால் கதை வேறு. நிறமாலையின் அடிக்கோடு சாய்ந்து, முகடுகள் உருக்குலைந்துவிடும். வைரத்துக்குப் பதில் ஜெர்மானியம் படிகம் மாட்டிய பிறகுதான் சரியானது. ஒளிவிலகல் எண் 4 என்பதால் ஒளி மாதிரிக்குள் அதிக ஆழம் போகாது. அந்தப் படிகத்தைக் கருவியோடு தராமல் தனியாக விற்றதில் எனக்கு வருத்தம்தான்.

மென்பொருளின் பி.எல்.எஸ். பகுதியில் (நிறமாலையிலிருந்து அளவைக் கணிக்கும் புள்ளியியல் முறை) கவனம் தேவை. அது கணிப்புக்குத் தானாகவே 9 காரணிகளை எடுத்துக்கொண்டது. பழகிய மாதிரிகளுக்கு விடை அச்சுப்போல் பொருந்தியது. புதிய மாதிரி வைத்ததும் தடுமாறியது. அப்புறம் குறுக்குச் சரிபார்ப்பு (சில மாதிரிகளை ஒதுக்கிவைத்து, மற்றவற்றைக் கொண்டு அவற்றைக் கணித்துப் பார்ப்பது) பார்த்துக் காரணிகளை 4 ஆகக் குறைத்தேன், நிலைத்துவிட்டது. எண்ணெய் கலந்த ரப்பரை அசிட்டோனில் ஊறவைத்து எண்ணெயை எடுத்துவிட்டு அளந்தால்தான் எண்களை நம்பலாம்.

வாங்குகிறவர்கள் ஜெர்மானியம் படிகத்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.