பிளக் மாற்றும் சர்வீஸ்: பில்லில் அந்த வரி வேண்டுமா, வேண்டாமா?

சர்வீஸ் எஸ்டிமேட்டில் 'ஸ்பார்க் பிளக் செட் மாற்ற வேண்டும்' என்று ஒரு வரி இருந்தால் (சிலிண்டருக்குள் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி விடும் பாகம்தான் பிளக்), தலையாட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். வண்டியில் இப்போது இருப்பது எந்த வகைப் பிளக்? போட்டு எத்தனை கிலோமீட்டர் ஆகிறது? 'வண்டி நல்லாத்தானே ஓடுது' என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. தேய்ந்த பிளக்கோடும் வண்டி நெடுநாள் நன்றாகவே ஓடும். அந்த நேரத்தில் சிரமப்படுவது, பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜைக் கொடுக்கும் இக்னிஷன் காயில்.

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் 2,500 ஆர்பிஎம்மில் ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1,250 தீப்பொறி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது கிலோமீட்டருக்கு 900க்கும் மேல். 30,000 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது ஒரு பிளக் ஏறக்குறைய 2.8 கோடி முறை பொறி விட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் எலெக்ட்ரோடிலிருந்து, அதாவது பொறி தாவும் உலோக முனையிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகம் கரைகிறது. கூர்மையான ஓரம் மழுங்கி, கேப் அகலமாகிறது. அந்த இடைவெளியைத் தாண்ட காயில் கூடுதல் வோல்டேஜ் கொடுத்தாக வேண்டும். காயிலால் முடியும்வரை ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. முடியாமல் போகும்போது முதலில் தெரிவது மேட்டில், அதிக கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதுதான். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடினால் பொறி தாண்டத் தேவையான வோல்டேஜும் கூடும் என்பதே காரணம். ஐடிலில் இன்ஜின் அமைதியாக நிற்பதைப் பார்த்துவிட்டுப் பிளக் சரியாக இருக்கிறது என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

வகைகளைப் பார்த்தால் கணக்கு எளிது. காப்பர் பிளக் என்று கடையில் சொல்வது உண்மையில் நிக்கல் முனைப் பிளக். காப்பர் உள்ளே வெப்பத்தைக் கடத்துவதற்கு மட்டும். காரில் இதன் ஆயுள் பொதுவாக 20,000 முதல் 40,000 கிலோமீட்டர்; பைக்கில் இன்னும் குறைவு. விலையும் குறைவுதான். இதைக் குறித்த தூரத்தில் மாற்றுவதில் யோசிக்க ஒன்றுமே இல்லை, மாற்றிவிடலாம். பிளாட்டினம், இரிடியம் என்றால் பல கார்களில் 1,00,000 கிலோமீட்டர் வரை போகும். இரிடியத்தின் உருகுநிலை நிக்கலைவிட ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸ் அதிகம். அதனால் நடு முனையை 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாகச் செய்தாலும் தாங்குகிறது. இந்தப் பிளக்கை 40,000 கிலோமீட்டரில் 'எதுக்கும் மாத்திடலாம் சார்' என்று எழுதினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஓனர் மேனுவலில் உங்கள் இன்ஜினுக்குப் போட்டிருக்கும் எண்தான் கணக்கு, சர்வீஸ் பேக்கேஜ் அட்டையில் இருப்பது அல்ல.

அந்த எண்ணைக் குறைத்துக்கொள்ள வேண்டிய வண்டிகளும் உண்டு. நெரிசலில் மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கும் வண்டியில் ஓடோமீட்டர் நகராது, பொறி மட்டும் விழுந்துகொண்டே இருக்கும். சிஎன்ஜி, எல்பிஜியில் பொறிக்குத் தேவையான வோல்டேஜ் பெட்ரோலைவிட அதிகம், அதனால் தேய்ந்த பிளக் சீக்கிரமே மிஸ்ஸிங் (பொறி தவறி சிலிண்டரில் எரிபொருள் எரியாமல் போவது) காட்டும். டர்போ இன்ஜினும் இந்தப் பட்டியலில்தான். இரண்டு சிலிண்டருக்கு ஒரே காயில் இருக்கும் அமைப்பில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் ஒரு பொறி வீணாக விழும்; ஒரு பிளக்கில் மின்சாரம் எதிர்த்திசையில் பாய்வதால் அங்கே பக்க எலெக்ட்ரோடு வேகமாகத் தேயும். நடு முனையில் மட்டும் பிளாட்டினம் வைத்த பிளக்கை இத்தகைய இன்ஜினில் போட்டால் கொடுத்த காசு பாதி வீண்.

சரி, தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? மைலேஜ் சரிந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். மிஸ்ஸிங் தொடங்காதவரை அந்த வித்தியாசம் சிறியது. புதுப் பிளக் போட்டதும் மைலேஜ் எகிறும் என்று எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம்தான். செலவு வரப்போவது வேறு இடத்தில். கூடுதல் வோல்டேஜில் நாள்கணக்கில் வேலை செய்யும் காயிலின் இன்சுலேஷன் உடையும். மிஸ் ஆன சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற கட்டை உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு கன்வெர்ட்டரின் விலையில் பல செட் பிளக் வாங்கலாம். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அதற்கு அர்த்தம் இதுதான்: உடனே ஆக்சிலேட்டரைத் தளர்த்துங்கள்.

லேபர்தான் அடுத்த கேள்வி. நான்கு சிலிண்டரும் வரிசையாக, காயில் மேலேயே இருக்கும் இன்ஜினில் இது அரை மணி, ஒரு மணி நேர வேலை. குறுக்காக வைத்த வி6 இன்ஜினில் பின்வரிசைப் பிளக்கைத் தொடவே, சிலிண்டர்களுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிபோல்டைக் கழற்ற வேண்டியிருக்கலாம், அதற்குப் புது கேஸ்கெட்டும் வேண்டும். அங்கே பிளக் விலையில் மிச்சம் பிடிப்பது முட்டாள்தனம். கம்பெனி சொன்ன இரிடியத்தையே போட்டு அந்தப் பக்கம் நெடுநாள் போகாமல் இருப்பதுதான் லாபம். ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக் உள்ள இன்ஜினில் எஸ்டிமேட்டில் எத்தனை பிளக் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், பாதியை மாற்றிவிட்டு முழு லேபர் போடுவது நடக்கும்.

கொடுக்கும் லேபருக்கு வேலை எப்படி இருக்க வேண்டும்? இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பிளக்கோடு சேர்ந்து வரும். கழற்றும் முன் குழிக்குள் ஏர் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே கிடக்கும் மண் நேராகச் சிலிண்டருக்குள் விழும். புதுப் பிளக்கை ராட்செட் இல்லாமல் கையாலேயே, தடங்கல் இல்லாமல் கடைசிவரை சுற்ற வேண்டும். பாதியில் இறுகினால் மரை மாறிப் பிடித்துவிட்டது என்று பொருள், திருப்பிக் கழற்ற வேண்டும். பிறகு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் வாஷர் தொட்டபின் 14 மில்லிமீட்டர் பிளக்கை அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள் நிறுத்த வேண்டும். வாஷர் இல்லாத கூம்பு இருக்கைப் பிளக்குக்கு பதினாறில் ஒரு பங்கு சுற்றே போதும். மரையில் கிரீஸோ ஆன்டி சீஸோ (மரை இறுகிப் பிடிக்காமல் இருக்கத் தடவும் பசை) தடவினால் அதே டார்க்கில் பிளக் கூடுதலாக இறுகும். மரைக்கு ஏற்கெனவே பூச்சு கொடுத்து வரும் பிளக்குகளுக்கு அது தேவையே இல்லை.

'பிளக் கிளீனிங்' என்று தனி சார்ஜ் போட்டால் மறுத்துவிடுங்கள். நிக்கல் பிளக்கைத் துடைத்து கேப்பைச் சரிசெய்வது அவசரத்துக்கு உதவும். ஆனால் இரிடியத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் மெல்லிய முனை போய்விடும். கேப் பார்க்கும் வட்டத்தகடு கேஜை அதில் செருகுவதும் அப்படித்தான்.

பழைய பிளக்குகளை சிலிண்டர் வரிசைப்படி கேட்டு வாங்குங்கள். இந்த சர்வீஸில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே இன்ஜின் ரிப்போர்ட் அதுதான். முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, ஏர் ஃபில்டரிலிருந்து தேடலாம். எண்ணெய் ஈரம் முனையில் இருந்தால் பிஸ்டன் ரிங்கிலோ வால்வு சீலிலோ பழுது; மேல் பீங்கானில் மட்டும் எண்ணெய் என்றால் வால்வு கவர் சீல் ஒழுகல், அது சின்ன வேலை. பீங்கான் வெள்ளையாகிக் கொப்புளம் போட்டிருந்தால் அதிக சூடு. உலோகக் கழுத்துக்குச் சற்று மேலே பழுப்பு வளையம் இருந்தால் கேஸ் கசிகிறது என்று சிலர் பயமுறுத்துவார்கள்; அது வெறும் மின்புலக் கறை. மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புக் கோடுதான் கவலைக்குரியது: பொறி வெளிப்பக்கமாகத் தாவியிருக்கிறது. பிளக்கின் மேல் அமரும் காயிலின் ரப்பர் உறையையும் (பூட்) மாற்றாவிட்டால் புதுப் பிளக்கிலும் அதே கோடு வரும்.

ஏற்கெனவே மிஸ்ஸிங் இருக்கும் வண்டிக்கு 'செட்டை மாத்திப் பார்க்கலாம்' என்பது சர்வீஸ் அல்ல, சூதாட்டம். ஸ்கேனரில் பி0302 (இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று சொல்லும் பழுது எண்) வந்தால் இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதோடு இடம் மாற்றட்டும். அந்த எண் பி0303க்கு (மூன்றாவது சிலிண்டர்) நகர்ந்தால் பழுது காயிலில். நகராவிட்டால் அடுத்து பிளக்கை அதேபோல் மாற்றிப் பார்ப்பது, பிறகு இன்ஜெக்டர், கம்ப்ரஷன். மாறாக, பிளக் மாற்றிய அன்றே மிஸ்ஸிங் தொடங்கினால் காயில் கனெக்டரின் லாக் சரியாக விழுந்ததா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கீழே விழுந்து உள்ளே பீங்கான் விரிசல் விட்ட பிளக்கை அப்படியே மாட்டியிருக்கவும் வாய்ப்புண்டு.