அஞ்சு ரூபாய் மிஷினும் ஐந்நூறு ரூபாய் ரசீதும்

நீலகிரியில் பஸ் ஸ்டாண்டு, பூங்கா வாசல், மார்க்கெட் முக்கு என்று அங்கங்கே நிற்கிறதே, காசு போட்டால் குடிதண்ணீர் தருகிற தண்ணீர் ஏ.டி.எம்., அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் குன்னூர்க்காரன். ஊர்க்காரனுக்கு அந்த மிஷின் தேவைப்படாது. வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் இருக்கும், வெளியே போனால் டீக்கடையில் கேட்டால் பாய்லரிலிருந்தே சுடுதண்ணீர் பிடித்துக் கொடுப்பார்கள். அதனால் வருஷக்கணக்கில் அதைக் கடந்து போயிருக்கிறேனே தவிர ஒரு நாணயம் போட்டதில்லை. போட வைத்தது ஒரு ரசீது.

திருப்பூரிலிருந்து அக்கா, மாமா, பிள்ளைகள் இரண்டு பேர், மாமாவின் அம்மா எல்லாரும் சீசனுக்கு வந்தார்கள். மேட்டுப்பாளையத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது, அதை முடித்துவிட்டு அங்கேயே அவர்கள் காரில் ஏறிக்கொண்டேன். மாமா எதையும் முன்கூட்டியே செய்கிற ஆள். வெளியூர் வண்டி மலைக்கு ஏற வேண்டுமென்றால் ஆன்லைனில் எடுக்க வேண்டிய இ-பாஸை முந்தின வாரமே எடுத்து வைத்திருந்தார். 2024 மே 7-ல் அது வந்தபோது பேரைப் பதிவு செய்தால் போதும் என்று இருந்தது; 2025 ஏப்ரலிலிருந்து சீசன் நாட்களில் ஊட்டிப் பக்கம் 6,000 வண்டி, சனி ஞாயிறு என்றால் 8,000 என்று உயர் நீதிமன்றம் எண்ணிக்கையும் வைத்துவிட்டதால் கடைசி நேரத்தில் போனை நோண்டினால் கிடைக்காது. செக்போஸ்டில் போனைக் காட்டினார், ஸ்கேன் செய்தார்கள், அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அப்புறம் டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள்.

டிக்கியில் ஒரு லிட்டர் பாட்டில் பன்னிரண்டு, மேல் உறையைக்கூடப் பிரிக்காத முழு கேஸ். சோதனைக்கு நின்ற அம்மா சத்தமெல்லாம் போடவில்லை. "இது மேல கொண்டு போகக் கூடாதுங்க சார், கீழயே போர்டு வச்சிருக்குதுங்க" என்றார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் மாப்ள, நீ ஒரு வார்த்தை சொல்லலயே?" டிக்கிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு ஜோசியமா தெரியும்? 500 ரூபாய்க்கு ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு கேஸை வாங்கி ஓரமாக வைத்தார்கள். அங்கே ஏற்கனவே இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தது.

மாமாவின் அம்மாவான அத்தைக்குத்தான் மனசு ஆறவில்லை. "குடிக்கிற தண்ணிக்கு அபராதமா, இது எந்த ஊர் நியாயம்" என்று பர்லியார் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னைக் குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பித்தார். ஹெல்மெட் போடாவிட்டால் எவ்வளவு? ஆயிரம். நோ பார்க்கிங்கில் விட்டால்? முதல் தடவை ஐந்நூறு, மறுபடியும் மாட்டினால் ஆயிரத்து ஐந்நூறு. குடித்துவிட்டு ஓட்டினால்? பத்தாயிரம். பஸ் ஸ்டாண்டில் நின்று சிகரெட் பிடித்தால்? இருநூறு. "அப்ப, அடுத்தவன் மூக்குக்குள்ள புகையை விட்டா இருநூறு, நான் எம் புள்ளைக்குத் தண்ணி கொண்டாந்தா ஐந்நூறு. நல்லா இருக்குய்யா உங்க மலை." மொத்தம் பதினான்கு கொண்டை ஊசி வளைவு, எந்த வளைவிலும் எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு யோசித்தேன். மாமா கேட்டதில் பாதி சரி. அந்த 200 ரூபாய் 2003-ல் வந்த புகையிலைச் சட்டத்தில் எழுதிய தொகை, இன்னும் அப்படியே இருக்கிறது. அன்றைக்கு 200 கொடுக்க யோசித்தவன் இன்றைக்கு அதை சிகரெட் பாக்கெட்டோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிடுவான். இதைவிட வேடிக்கை பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது: பொது இடத்தில் குடித்துவிட்டு கலாட்டா செய்தால் 24 மணி நேரம் வரை உள்ளே, அல்லது 10 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பத்தே ரூபாய். 1860-ல் போட்டது, 2024 ஜூன் கடைசி வரைக்கும் ஏட்டில் இருந்தது. ஜூலை 1-ல் வந்த புதிய சட்டத்தில் அதை 1,000 ஆக்கி, சமூக சேவை செய்யச் சொல்லியும் தண்டிக்கலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். பொதுவழியை மறிப்பதற்கு 200 என்று இருந்தது இப்போது 5,000 வரை போகும். ஊட்டியில் சீசன் நேரத்தில் வளைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு செல்ஃபி எடுக்கிறவர்களை நினைத்தால் எனக்கு இந்த 5,000 தப்பாகத் தெரியவில்லை, அது வேறு கதை.

ஆனால் மாமா விட்ட பாதி ஒன்று இருக்கிறது. அந்த ரசீது தண்ணீருக்கு இல்லை, காலி பாட்டிலுக்கு. பாட்டில் மேலே வந்தால் இறங்கிப் போவதில்லை. வியூ பாயிண்ட்டில் தூக்கி எறிந்தது சோலைக்குள் கிடக்கும், ஓடையில் அடைக்கும், யானைச் சாணத்தில் பிளாஸ்டிக்கைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் சுப்ரியா சாகு ஆட்சியராக இருந்த காலத்திலிருந்தே இங்கே பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். மாநிலம் முழுக்கத் தடை வந்தது 2019 ஜனவரியில்தான். அதே வருஷம் இங்கே ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பாட்டிலையும் நிறுத்தி, அதற்குப் பதிலாக இந்த மிஷின்களை வைத்தார்கள். ஆக, பாட்டிலைப் பிடுங்கிக்கொள்கிறவர்கள் தண்ணீருக்கு வழி சொல்லியிருக்கிறார்கள். அந்த வழி வேலை செய்தால் 500 ரூபாய் நியாயமான தொகை என்பேன். வேலை செய்யாவிட்டால் அதற்குப் பெயர் சுங்கம்.

சரி, வேலை செய்கிறதா? மறுநாள் காலையில் அக்கா இரண்டு எவர்சில்வர் பாட்டிலையும் ஒரு பிளாஸ்க்கையும் கையில் கொடுத்தாள். முதல் மிஷினில் வெள்ளைத் தாளில் 'பழுது' என்று எழுதி ஒட்டியிருந்தது, அந்தத் தாளே மழையில் நனைந்து காய்ந்து மஞ்சளாகியிருந்தது. எந்த இடம் என்று சொல்ல விரும்பவில்லை, இதைப் படித்துவிட்டு யாராவது சரி செய்தால் நான் எழுதியது பொய்யாகிவிடும். கால் மணி நேரம் நடந்து அடுத்ததைப் பிடித்தோம். அது ஓடியது. ஐந்து ரூபாய் நாணயத்தைப் போட்டு, பட்டனை அமுக்கினால் ஒரு லிட்டர். தண்ணீர் நன்றாகவே இருக்கிறது, வாடை இல்லை, குளோரின் இல்லை, மலைக் குளிரில் ஃபிரிட்ஜில் வைத்ததுபோல வருகிறது. கடைப் பாட்டில் 20 ரூபாய் என்றால் இது கால் விலை.

குறை சொல்ல வேண்டியது மூன்று நான்கு இருக்கிறது. குழாய் உயரமாக இருக்கிறது, வாய் குறுகின பாட்டிலை அடியில் பிடித்தால் கால்வாசி கை மேலேயும் செருப்பு மேலேயும் போகும், டிசம்பரில் அது விளையாட்டு இல்லை. அரை லிட்டர் பாட்டிலோடு வந்தவர் மீதி அரை லிட்டரைத் தரையில் விட வேண்டியதுதான். ஒரு பையன் பாதியில் பட்டனை மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டிருந்தான், நிற்கவில்லை. கரண்ட் போனால் மிஷினும் போச்சு, காற்றடிக்கிற ஆடி மாதத்தில் இங்கே கரண்ட் எப்படி இருக்கும் என்று கேட்கவே வேண்டாம். நாணயம்தான் பெரிய தலைவலி. எல்லாரும் போனில் காசு அனுப்புகிற காலத்தில் ஐந்து ரூபாய்க் காசுக்கு எங்கே போவது? பக்கத்துக் கடையில் கேட்டால் "ஏதாச்சும் வாங்குங்க" என்கிறார், வாங்கினால் மீதி மிட்டாயாக வருகிறது. அத்தை சுருக்குப் பையிலிருந்து ஏழெட்டு நாணயத்தை எடுத்து நீட்டியபோதுதான் முந்தின நாள் கோபம் கொஞ்சம் இறங்கியது. "இதுக்குத்தான் காசு கையில வச்சிருக்கணும்ங்கறது" என்று மாமாவுக்கு ஒரு குட்டு வேறு.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆத்திரம் வந்தது அதே தெருவில் ஒரு கடையில். வர்க்கி வாங்கப் போனோம். எங்கள் முன்னால் நின்ற ஒருவர் தண்ணீர் கேட்டார், கடைக்காரர் குனிந்து, பழைய செய்தித்தாளில் சுற்றின ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். நாற்பது ரூபாய். அதாவது தடை செய்த பொருள், அதுவும் அச்சிட்ட விலைக்கு இரண்டு மடங்கு. எடையளவுச் சட்டத்திலும் மாட்ட வேண்டியது, தடையிலும் மாட்ட வேண்டியது. தெரியாமல் கொண்டு வந்தவன் சாவடியில் 500 கட்டிவிட்டு ரசீதை வைத்திருக்கிறான், தெரிந்தே விற்கிறவர் பாட்டிலுக்கு இருபது ரூபாய் கூடுதலாகச் சம்பாதிக்கிறார். மாமா ஒன்றும் பேசவில்லை, என் தோளைத் தட்டிவிட்டு வெளியே போய்விட்டார். அதற்கு மூன்று மணி நேரம் திட்டியிருக்கலாம்.

அபராதத்தின் தொகை எவ்வளவு என்பதைவிட அது யார் மேல், எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இதே மாவட்டத்தில் 2022 மே மாதத்திலிருந்து டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தருகிறார்கள். உயர் நீதிமன்றம் சொல்லி வந்தது. குடித்துவிட்டு காட்டோரத்தில் உடைத்துப் போட்ட கண்ணாடி யானைக் காலில் ஏறுகிறது என்பதுதான் அதற்குக் காரணம். இங்கே யாரும் யாரையும் பிடிக்கவில்லை, ரசீது இல்லை, டிக்கியைத் திறக்கச் சொல்லவில்லை. பத்து ரூபாய்க்காக ஆள் தானாகக் கொண்டு வந்து கொடுக்கிறான், அவன் கொடுக்காவிட்டால் பொறுக்குகிற இன்னொருவருக்கு வருமானம். குடிகாரனிடம் காட்டுகிற இந்தப் புத்திசாலித்தனத்தைக் குடும்பத்தோடு வருகிறவனிடம் காட்டக்கூடாதா என்று கேட்டால் தப்பா? கொடைக்கானலில் வேறு மாதிரி, 2024-லிருந்து ஐந்து லிட்டருக்குக் குறைந்த பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. எனக்கு அது பிடிக்கவில்லை. இருபதைக் கட்டிவிட்டால் பாட்டில் கையிலேயே இருக்கும், எறிவதற்குக் காசு கொடுத்து உரிமை வாங்கினதுபோல ஆகிவிடும். பத்து ரூபாயைத் திருப்பித் தருகிற ஏற்பாட்டையே தண்ணீருக்கும் கொண்டு வந்திருந்தால் சாவடியில் இடுப்பு உயர அடுக்கு இருந்திருக்காது.

மார்க் போடச் சொன்னால் தண்ணீர் ஏ.டி.எம்.முக்கு அஞ்சுக்கு மூணு. ஓடுகிற மிஷினுக்கு மட்டும் என்றால் நாலரை. செக்போஸ்டில் அந்த அம்மா மரியாதையாகப் பேசி, கேட்காமலே ரசீது கொடுத்ததற்கு நாலு. நாற்பது ரூபாய்க் கடைக்குப் பூஜ்யம், வர்க்கி மட்டும் மொறுமொறுவென்று நன்றாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

வருகிறவர்களுக்கு: வாய் அகன்ற எவர்சில்வர் பாட்டில் ஒரு லிட்டர் அளவில் கொண்டு வாருங்கள், அரை லிட்டர் வேண்டாம். மேட்டுப்பாளையத்திலேயே ஐந்து ரூபாய்க் காசாகப் பத்து மாற்றிக்கொள்ளுங்கள். சீசனில் பெரும்பாலும் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவார்கள், அதனால் ஏறும்போது பார்த்த மிஷினில் இறங்கும்போது பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கிளம்பும் முன் டிக்கியை நீங்களே ஒரு தடவை திறந்து பாருங்கள், பிள்ளைகளின் பையில் குளிர்பான பாட்டில் ஒளிந்திருக்கும்.

நேற்று அக்கா போன் செய்தாள், பொங்கலுக்கு மறுபடி வருகிறார்களாம். அத்தை பக்கத்திலிருந்து, "அந்த ரிப்பேர் மிஷினைச் சரி பண்ணிட்டாங்களான்னு கேளு" என்று குரல் கொடுத்தார். சாயங்காலம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். பழைய தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் 'பழுது' என்று அழகாக டைப் அடித்து ஒட்டியிருக்கிறார்கள்.