கடற்கரை, காடு, தெரு: ஒரே முதுகுப்பைக்கு எந்த கேமரா?

முதுகுப்பையோடு வெளிநாடு சுற்றப் போகிறேன், கடற்கரை, காட்டு விலங்கு, உள்ளூர் வாழ்க்கை மூன்றையும் படம் எடுக்கணும், எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் படத்தைப் பதிவு செய்கிற சென்சாரில் இருந்து பேச்சை ஆரம்பிப்பார்கள். நான் தூரத்தில் இருந்து ஆரம்பிப்பேன். போகிற இடத்தில் விலங்கு உங்களிடம் இருந்து எத்தனை மீட்டரில் நிற்கும்? கடற்கரைக்கு நல்ல போன் ஒன்று போதும், தெருவுக்கும் சந்தைக்கும் கேமரா சின்னதாக இருந்தால்தான் நல்லது. பையின் எடையையும் செலவையும் ஏற்றிவிடுவது விலங்கு ஒன்றுதான்.

அந்தத் தூரம் இடத்துக்கு இடம் பயங்கரமாக மாறும். காலபகோஸ் தீவுகளில் விலங்குகளிடம் இருந்து இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று விதியே போட்டிருக்கிறார்கள், அவை மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. கடல் இகுவானாவையும் கடல் சிங்கத்தையும் போனிலேயே சட்டகம் நிறைய எடுக்கலாம். போர்னியோவில் சபா மாநிலத்துக் கினபத்தாங்கன் ஆற்றுக்குப் போனால் கதை தலைகீழ். நீள்மூக்குக் குரங்கு கரையோர மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும், நீங்கள் கீழே ஆடுகிற படகில், அதுவும் விடியலிலோ அந்தி நேரத்திலோ. அங்கே 400 மி.மீ. லென்ஸ் கூடப் பற்றாக்குறைதான் (இந்த எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்). ருவாண்டா, உகாண்டா கொரில்லாக்கள் இன்னொரு ரகம்: பக்கத்தில் நிற்பது ஒரு மணி நேரம்தான், ஃபிளாஷ் கூடாது, தூரமும் சில மீட்டர்தான், ஆனால் காட்டுக்குள் வெளிச்சமே இருக்காது. அங்கே உங்களுக்கு வேண்டியது நீளமான லென்ஸ் இல்லை, அகலமாகத் திறக்கிற லென்ஸ்.

சரி, போட்டிக்கு வருவோம். நடைமுறையில் நாலு வழி இருக்கிறது: போன் மட்டும், லென்ஸ் கழற்ற முடியாத பிரிட்ஜ் கேமரா, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் அல்லது அதைவிடச் சற்றுப் பெரிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள, லென்ஸ் மாற்றக்கூடிய சின்ன மிரர்லெஸ், கடைசியாக இவற்றைவிடப் பெரிய சென்சாரான ஃபுல் ஃபிரேமும் தூரத்தை இழுத்துக் காட்டுகிற பெரிய டெலி லென்ஸும்.

போனை யாரும் குறைத்து எடைபோட வேண்டாம். பரந்த கடற்கரை, சூரிய அஸ்தமனம், ராத்திரிச் சந்தை இதிலெல்லாம் போன் பல படங்களை அடுக்கி ஒன்றாக்கித் தருகிற முடிவு, கேமராவில் எடுத்து ஊருக்கு வந்து கணினியில் உட்கார்ந்து சரிசெய்தால் கிடைப்பதற்கு மிகவும் பக்கத்தில் வந்துவிட்டது. யாரையாவது படம் எடுத்தால் அங்கேயே காட்டலாம், கேட்டால் அவர் போனுக்கே அனுப்பலாம், அதற்கப்புறம் அவர் உங்களைப் பார்க்கிற விதமே வேறு. ஆனால் உயர்ரகப் போன்களின் 5 மடங்கு லென்ஸ் என்பது ஃபுல் ஃபிரேம் கணக்கில் 120 மி.மீ. பக்கத்தில்தான் நிற்கிறது. அதற்கு மேல் 30, 100 என்று திரையில் ஓடுகிற எண்கள் எல்லாம் மென்பொருள் வேலை. மரத்து மேல் இருக்கிற பறவையின் இறகு எண்ணெய் ஓவியம் மாதிரி வழுவழுவென்று வருவது அதனால்தான். இன்னொன்று, ஐபி68 என்ற தண்ணீர்த் தடுப்பு முத்திரையை நம்பிப் போனோடு கடலில் குதிக்காதீர்கள். அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது, உப்புத் தண்ணீருக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. பவளப்பாறைப் பக்கம் முகமூடி போட்டு நீந்தும் திட்டம் இருந்தால், 15 மீட்டர் ஆழம் வரை தாங்குகிற ஓஎம் சிஸ்டம் டிஜி-7 மாதிரி ஒரு சின்ன கேமரா வேறு கதை. படத்தரம் சுமார், ஆனால் உயிரோடு வெளியே வரும்.

அடுத்து பிரிட்ஜ் கேமரா. இதில் இரண்டு பேரை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். நிக்கான் பி1000 என்பது 24-இல் இருந்து 3000 மி.மீ. வரை நீள்கிறது, நிலாவின் பள்ளங்களை எண்ணலாம், கடையில் யாரும் மயங்கிவிடுவார்கள். எடை 1.4 கிலோ, சென்சாரோ 1/2.3 அங்குலம், கடைசி முனையில் லென்ஸ் எஃப் 8 (எஃப் எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). நடு வெயிலில் நாரை எடுக்கலாம், மழைக்காட்டு நிழலில் ஒன்றும் தேறாது. தவிர, 3000 மி.மீ. வரை இழுத்து, தூரத்தில் இருக்கிற எதையும் பகலில் எடுத்தால் இடையில் உள்ள சூடான காற்று நெளிவதுதான் முதலில் தெரியும். எத்தனை லட்சம் போட்டு லென்ஸ் வாங்கினாலும் அந்த நெளிவைத் தாண்ட முடியாது. சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 என்பது 2017-இல் வந்த பழைய மாடல், 24-இல் இருந்து 600 வரை, எஃப் 2.4-இல் தொடங்கி 600-இலும் எஃப் 4, ஒரு அங்குல சென்சார், நொடிக்கு 24 படம், எடை 1.1 கிலோ. காகிதத்தில் பார்க்கும்போது இதுதான் பையோடு சுற்றுகிறவருக்கென்றே செய்த கேமரா. கடற்கரையில் காற்றடிக்கும்போது லென்ஸ் கழற்ற வேண்டாம், மணல் உள்ளே போகாது. யானை தூரத்தில் நிற்கும்போது 600, அதுவே வண்டிப் பக்கம் வந்துவிட்டால் ஒரே திருகில் 24.

ஆனால் "600-இல் எஃப் 4" என்றதும் மயங்கிவிடக்கூடாது. சென்சார் சின்னது. ஃபுல் ஃபிரேமைவிட அது எத்தனை மடங்கு சின்னது என்று சொல்கிற கிராப் எண் 2.7, எஃப் எண்ணை அதால் பெருக்கினால் சென்சாரில் மொத்தமாக விழுகிற வெளிச்சம் ஃபுல் ஃபிரேமில் கிட்டத்தட்ட எஃப் 11 வைத்து எடுப்பதற்குச் சமம். இதே கணக்கை மற்றவற்றுக்கும் போட்டுப் பார்த்தால்தான் சுவாரசியம், ஏனென்றால் விளம்பரத்தில் தெரியாதது அதில் தெரிகிறது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் ஒலிம்பஸ் 75-300 லென்ஸ் வெறும் 423 கிராம், இரண்டு மடங்கு கிராப்பில் 600 வரை போகிறது, எல்லாரும் பரிந்துரைப்பது. ஆனால் கடைசியில் எஃப் 6.7, அதாவது ஃபுல் ஃபிரேம் கணக்கில் எஃப் 13.4. லென்ஸ் மாற்றுகிற கேமரா என்பதாலேயே பிரிட்ஜைவிட உசத்தி என்று நினைத்தால் இங்கே ஏமாற்றம், நீள முனையில் சோனி பிரிட்ஜுக்குத்தான் ஒன்றரை மடங்கு வெளிச்சம் கிடைக்கிறது. ஏபிஎஸ்-சி சென்சாருக்கான சோனி 70-350 லென்ஸ் 625 கிராம், 525-க்குச் சமம், கடைசியில் எஃப் 6.3, 600-க்குக் கொண்டுவர ஓரத்தை வெட்டினால் அதுவும் எஃப் 11 பக்கம்தான் வந்து நிற்கிறது. பிரிட்ஜும் ஏபிஎஸ்-சியும் சமம்! ஃபுல் ஃபிரேமில் 200-600 லென்ஸ் 600-இல் எஃப் 6.3, கிட்டத்தட்ட மூன்று மடங்கு வெளிச்சம்.

மூன்று மடங்கு என்றால் சும்மா இல்லை, ஐஎஸ்ஓ (இது கூடினால் படத்தில் புள்ளிகள் கூடும்) 6400-இல் எடுக்க வேண்டியதை 2000 பக்கத்தில் எடுக்கலாம். அந்தி நேரச் சிறுத்தைக்கு அது உயிர். ஆனால் எடையைப் பாருங்கள். அந்த லென்ஸ் மட்டும் 2.1 கிலோ, நீளம் 32 செ.மீ. அதோடு சோனியின் ஃபுல் ஃபிரேம் கேமராவான ஏ7 மார்க் 4 உடலையும் ஒரு 24-105 லென்ஸையும் சேர்த்தால் 3.4 கிலோவைத் தாண்டும். பல மலிவு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி, அதில் பாதி போயாச்சு. சார்ஜர், பவர் பேங்க், மழையுறை இன்னும் கணக்கில் வரவில்லை. கேமராவைச் சரக்குப் பெட்டியில் போட்டு அனுப்புவது நான் யாருக்கும் சொல்லாத யோசனை, லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்கும் எப்படியும் கையில்தான் போக வேண்டும். இதில் பெரிய பிரச்சினை விமானம்கூட இல்லை. தங்கும் விடுதியில் எட்டுப் பேர் படுக்கிற அறையில் இத்தனையையும் வைத்துவிட்டு வெளியே போக மனசு வராது, எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போவீர்கள், நாலாவது நாள் "இன்றைக்கு வேண்டாம்" என்று விட்டுவிட்டுப் போவீர்கள், அன்றைக்குத்தான் நல்ல வெளிச்சம் வரும்.

ஃபுல் ஃபிரேமையே இலகுவாகக் கொண்டுபோக வழி இல்லையா என்றால் இருக்கிறது. நிக்கானின் 28-400 லென்ஸ் 725 கிராம், ஒரே லென்ஸில் பயணம் முடிந்தது. ஆனால் 400-இல் எஃப் 8, அதை 600-க்கு வெட்டினால் எஃப் 12. பெரிய சென்சார் வாங்கிச் சின்ன சென்சாரின் பலனை எடுத்துக்கொண்ட மாதிரி. விலங்கு கொஞ்சம், நிலக்காட்சி நிறைய என்பவர்களுக்குச் சரி, மற்றவர்களுக்கு இல்லை.

மனிதர்கள் விஷயத்தில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அரை மீட்டர் நீளக் குழாயைத் தூக்கி முகத்துக்கு நேரே நீட்டினால் சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருப்பவர் கையை நிறுத்திவிடுவார், அப்புறம் நீங்கள் எடுப்பது வேலை செய்கிற மனிதரை இல்லை, சங்கடப்படுகிற மனிதரை. சரி, தூரத்தில் ஒளிந்து நின்று 600-இல் எடுக்கலாமே என்பார்கள். அது எனக்குப் பிடிக்காத வேலை, படமும் தட்டையாக இருக்கும், பக்கத்தில் நின்ற உணர்வே வராது. 28-க்கும் 40-க்கும் இடையில் ஒரு சின்ன லென்ஸ், பேசிச் சிரித்துவிட்டு எடுப்பது, அவ்வளவுதான். இதிலும் இடத்தைப் பொறுத்து உண்மை நிலவரம் தெரிந்து போக வேண்டும். இலங்கையின் தெற்குக் கரையில் கம்பத்தில் உட்கார்ந்து தூண்டில் போடுபவர்களில் பெரும்பாலானோர் இப்போது பணம் வாங்கிக்கொண்டு படத்துக்காகத்தான் உட்காருகிறார்கள்; எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் முர்சி மக்கள் படத்துக்குக் காசு கேட்பார்கள். தவறு என்று சொல்லவில்லை, முகம் அவர்களுடையது. ஆனால் அதைத் தற்செயலாகக் கண்ட காட்சி மாதிரி எழுதிப் போடுவது பொய். ஜப்பானின் கியோத்தோ நகரத்துக் கியோன் பகுதியில் தனியார் சந்துகளில் படம் எடுக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள், கெய்ஷாக்களை (பாரம்பரிய ஆடல் பாடல் கலைஞர்களை) துரத்தித் துரத்தி எடுத்த பயணிகளால் வந்த வினை. ராணுவம், எல்லைச் சாவடி பக்கம் கேமராவை எடுக்கவே வேண்டாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆக என் தேர்வு. விலங்கும் நிஜமாகவே திட்டத்தில் இருக்கிறது என்றால் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ்தான், ஆனால் வழக்கமாகச் சொல்கிற மாதிரி கேமராவோடு வருகிற கிட் ஜூம், டெலி ஜூம் என்று இரண்டு இல்லை. டெலியை மட்டும் உடலில் மாட்டியே வைத்துவிடுங்கள், அகலக் காட்சிகளைப் போன் பார்த்துக்கொள்ளட்டும், தெருவுக்கு ஒரு குட்டி லென்ஸ். சோனி ஏ6700 உடல் 493 கிராம், 70-350 லென்ஸ் 625, இருபது மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் வெறும் 69. மொத்தம் 1.2 கிலோவுக்குள் முடிந்தது, பிரிட்ஜைவிட நூறு கிராம்தான் கூட. வெளிச்சக் கணக்கில் இரண்டும் சமம் என்றேன், பிறகு எதற்கு இது? பறவையின் கண்ணைத் தானாகக் கண்டுபிடித்துப் பின்தொடர்கிற ஃபோகஸ், ராத்திரி தெருவுக்குப் போகும்போது பாக்கெட்டில் போடுகிற அளவுக்குச் சுருங்குவது, யூஎஸ்பி-சி. கடைசியானதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். ஆர்எக்ஸ்10-இலும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவான முதல் ஓஎம்-5-இலும் பழைய மைக்ரோ யூஎஸ்பி வாய்தான், அந்த ஒரு கம்பி தொலைந்தால் குட்டித் தீவில் எங்கே போய்த் தேடுவது?

லென்ஸ் மாற்றுவதே வேண்டாம், மணலும் காற்றும் பயம் என்பவர்கள் ஆர்எக்ஸ்10 வாங்கலாம், பயன்படுத்தியது நல்ல நிலையில் கிடைத்தாலும் போதும். ஒரு கிலோவுக்குக் கீழே இருக்க வேண்டும், நாள் முழுக்க நடப்பேன் என்பவர்களுக்கு ஓஎம்-5, அந்த 75-300, ஒரு 17 மி.மீ. எஃப் 1.8: மூன்றும் சேர்த்து 957 கிராம். அடர்ந்த காட்டில் இது திணறும், வெளிச்சமான ஆற்றங்கரையிலும் கடலிலும் பிரமாதம். உடலுக்குத்தான் மழைத் தடுப்பு இருக்கிறது, அந்த டெலி லென்ஸுக்கு இல்லை என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள். கடற்கரையும் மனிதர்களும் போதும், விலங்கு தென்பட்டால் பார்த்து ரசிப்பேன் என்றால் எதுவும் வாங்க வேண்டாம், போனோடு போங்கள். செரங்கெட்டி மாதிரி வாழ்நாளில் ஒருமுறை சஃபாரி, முழுக்க வண்டியில்தான் உட்காரப் போகிறீர்கள் என்றால் மட்டும் பெரிய லென்ஸுக்கு அர்த்தம் இருக்கிறது, அதையும் அந்த வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கப் பாருங்கள்.

ட்ரோனைப் பற்றிக் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்: சின்ன ட்ரோன், 249 கிராம்தானே என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். மொராக்கோவுக்குள் ட்ரோன் கொண்டுபோகவே கூடாது, விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பல நாடுகளின் தேசியப் பூங்காக்களிலும் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. சில இடங்களில் கேமராவுக்கே இடமில்லை. கோஸ்டாரிகாவின் டோர்டுகேரோவில் ஆமை முட்டையிடுவதைப் பார்க்கிற இரவு நடைக்குப் போன் உட்பட எந்தக் கேமராவையும் எடுக்க விடமாட்டார்கள், வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும்.