பி.டி. சார் வாயால சொல்ற ஸ்போர்ட்ஸ் சீட்டை நம்பாதீங்க

பிளஸ் டூ முடிச்ச பசங்க வீட்ல விளையாடுறவங்க யாராச்சும் இருந்தா இத படிச்சிருங்க. என் தங்கச்சி வாலிபால் ஸ்டேட் லெவல் ஆடினவ, கட்-ஆஃபும் நல்லா இருந்துச்சு, கம்ப்யூட்டர் சயின்ஸும் வேணும் ஆட்டமும் விடக்கூடாதுன்னு ஒரே பிடிவாதம். அண்ணா யூனிவர்சிட்டி அஃபிலியேஷன் உள்ள ஒரு பிரைவேட் காலேஜ் (பேர் வேணாம்) பி.டி. சார் மேட்ச் நடக்குற இடத்துக்கே வந்து "ஸ்போர்ட்ஸ் கோட்டால நாலு வருஷமும் ஃப்ரீம்மா, ஹாஸ்டல், சாப்பாடு, ஷூ எல்லாம் நாங்க பாத்துக்கறோம்"னாரு.

அது கோட்டாவே இல்லங்க. கவர்மென்ட் ஸ்போர்ட்ஸ் கோட்டா 500 சீட், அது இன்ஜினியரிங் கவுன்சலிங்ல சர்டிபிகேட் பாத்து ரேங்க் போட்டு குடுக்கறது. இவங்க குடுத்தது மேனேஜ்மென்ட் சீட்டு, ஃபீஸ் தள்ளுபடி. அட்மிஷன் லெட்டர்ல தள்ளுபடி பத்தி ஒரு வரி கிடையாது, கேட்டா "சேர்மன் அப்ரூவல் ஆயிடுச்சு, எழுத்துல எதுக்கு"ன்னு சிரிக்கறாங்க.

முதல் வருஷம் ஜோனல்ல (ஒரே ஜோன்ல இருக்குற காலேஜுகளுக்குள்ள நடக்குற மேட்ச்) இவ டீம் கப் அடிச்சாங்க, உடனே கேட்ல இவ போட்டோ போட்ட பேனர். காலேஜுக்கு கிரேடு போடுற நாக் (NAAC) கமிட்டி வரும்போது மெடல் கணக்கு காட்டணும்ல! ஆனா மேட்சுக்குப் போன நாளுக்கு ஆன் டூட்டி (கிளாஸுக்கு வந்த மாதிரி கணக்கு) ஏறவே இல்ல. பி.டி. லெட்டர் குடுத்தேங்கறாரு, எச்ஓடி எனக்கு வரலங்கறாரு, மேட்ச் அன்னைக்கு நடந்த இன்டர்னலுக்கு ரீடெஸ்டும் கிடையாது. 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் இல்லன்னா செமஸ்டரே எழுத முடியாது, விளையாட்டுக்குன்னு 65 வரைக்கும் விடலாம்னு ரூல்லயே இருக்கு, ஆனா அதுக்கு பிரின்சிபால் கையெழுத்து வேணும், அதுக்கு எச்ஓடி மனசு வைக்கணும். கடைசில அரியர் விழுந்துச்சு. இவ்ளோ நாள் அரியர்னா என்னன்னே தெரியாத புள்ள.

அப்புறம் பி.டி. வேற காலேஜுக்குப் போயிட்டாரு. ரெண்டாவது வருஷம் ஃபுல் ஃபீஸ் கட்டச்சொல்லி ஆபீஸ்ல இருந்து போன். அவர் சொன்னதுக்கு நாங்க பொறுப்பில்லையாம்.

இன்னொன்னு யாரும் சொல்லமாட்டாங்க. அஃபிலியேட்டட் காலேஜ்ல சேந்தா முதல்ல ஜோனல், அப்புறம் இன்டர்ஜோனல், அதுல செலக்ட் ஆனாதான் யூனிவர்சிட்டி டீம், அப்புறம்தான் சவுத் ஜோன், அதாவது தென் மாநில யூனிவர்சிட்டிகளுக்குள்ள நடக்குற போட்டி. டீம்டு (நிகர்நிலை) யூனிவர்சிட்டின்னா காலேஜ் டீமே நேரா சவுத் ஜோன் போயிடும், ஆனா அங்க டீம்ல இடம் பிடிக்கறதே பெரும்பாடு, ஃபீஸும் ஜாஸ்தி. ரெண்டுல எதுன்னு தெரிஞ்சுட்டு சேருங்க. முக்கியமா ஃபைனல் இயர் பிளேயர்ஸ்கிட்ட தனியா பேசுங்க, பி.டி. பக்கத்துல இல்லாதப்போ. ஆன் டூட்டி ஏறுதா, அரியர் எத்தன, நடுவுல ஆட்டத்த விட்டவங்க எத்தன பேருன்னு கேளுங்க. கிரவுண்ட சாயங்காலம் போய்ப் பாருங்க, எங்க காலேஜ்ல அங்கதான் பஸ் நிக்குது.

இப்போ வேற காலேஜ் பாக்கலாம்னு டிசி கேட்டா, மிச்ச வருஷ ஃபீஸையும் கட்டிட்டு ஒரிஜினல வாங்கிக்கோங்கன்னு சொல்றாங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்ட காலேஜ் பிடிச்சு வெக்கக்கூடாதுன்னு ஏஐசிடிஇ (இன்ஜினியரிங் காலேஜுகளுக்கு அனுமதி குடுக்குற மத்திய அமைப்பு) ரூலே இருக்கு, அங்க கம்ப்ளைன்ட் போட்டிருக்கோம். இதே மாதிரி மாட்டி சர்டிபிகேட்ட திரும்ப வாங்கினவங்க யாராச்சும் இருந்தா எப்படி வாங்கினீங்கன்னு கீழ சொல்லுங்க ப்ளீஸ்.