பழைய ஐ.ஈ.யில் தமிழ் எழுத்துரு: சிரிப்பு முகமா, கேள்விக்குறியா, தனிக்கோப்பா?

விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளைக் கழற்ற மனமில்லாத ஓர் அலுவலகத்தின் உள்வலைத் தளத்தைச் சில காலம் பார்த்துக்கொண்டேன். எக்ஸ்பியில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் (ஐ.ஈ.) உலாவி 8ஆம் பதிப்புக்கு மேல் ஏறாது. ஐ.ஈ. 8க்குத் தெரிந்த வலை எழுத்துரு (தளமே உலாவிக்கு அனுப்பும் எழுத்துரு) வடிவம் ஈஓடி ஒன்றுதான், 1997இல் ஐ.ஈ. 4உடன் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த பழைய சரக்கு. மற்றவர்கள் வேறு பாதையில் போனார்கள். சஃபாரி 2008இல் கணினியில் நிறுவும் சாதாரண டிடிஎஃப் எழுத்துருக் கோப்பை நேராக எடுத்துக்கொண்டது. ஃபயர்ஃபாக்ஸ் 3.6 வலைக்கென்றே சுருக்கிய வோஃப் வடிவத்தை 2010இல் ஏற்றது, ஐ.ஈ. 9 அடுத்த ஆண்டு அதற்கு வந்து சேர்ந்தது. ஆக, ஈஓடி, வோஃப் இரண்டையும் தந்தாக வேண்டும்.

தளத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைல் கோப்பில் இரண்டின் முகவரியையும் ஒரே வரியில் காற்புள்ளி போட்டு எழுதினால்தான் வம்பு. ஐ.ஈ. 8 முதல் அடைப்புக்குறி திறந்த இடத்திலிருந்து கடைசி அடைப்புக்குறி மூடும் இடம் வரை எல்லாவற்றையும் ஒரே முகவரியாக வாசிக்கும். அப்படி ஒரு கோப்பு எங்கே இருக்கும்? சர்வர் 404 (கோப்பு இல்லை) என்று கையை விரித்துவிடும்.

இதற்கு 2009இல் பால் ஐரிஷ் சொன்ன தீர்வு சிரிப்பு முகம். ஈஓடியை முதல் வரியில் தனியாக வைக்க வேண்டும். இரண்டாம் வரியை 'லோக்கல்' என்ற கட்டளையில் தொடங்க வேண்டும். அந்தக் கட்டளை புரியாத ஐ.ஈ. வரியையே தூக்கி எறிந்துவிட்டு ஈஓடியோடு நின்றுவிடும். லோக்கலுக்குள் ஓர் எழுத்துருவின் பெயர் வேண்டுமே? சிரிப்பு முகத்தை எவரும் பெயராக வைத்திருக்க மாட்டார்கள் என்பதால் அது. ரசித்துச் சிரித்தேன். ஆனால் ஆரம்பகால ஆண்ட்ராய்டு உலாவிக்கு அதே லோக்கல் தொண்டையில் சிக்கியது, எழுத்துருவே வராது.

கேள்விக்குறி வழி அதைவிட எளிது. ஈஓடி கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். ஐ.ஈ. விழுங்கும் மிச்ச வால் முழுதும் கேள்விக்குறிக்குப் பின்னால் போய்விடுவதால், சர்வர் சரியான கோப்பையே தரும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஐ.ஈ. 9 தன் பழைய பதிப்பு போல நடக்கும் இணக்கப் பயன்முறைக்குப் போனால் இந்தத் தந்திரம் பலிக்காது. மேலே வெறும் ஈஓடியோடு இன்னொரு வரி சேர்த்தால் அதுவும் சரி.

மூன்றாவது வழி, ஐ.ஈ. மட்டும் படிக்கும் நிபந்தனைக் குறிப்பு ஒன்றைப் பக்கத்தில் போட்டு ஐ.ஈ. 8க்குத் தனி ஸ்டைல் கோப்பு தருவது. படிக்கச் சுத்தமாக இருக்கும், தந்திரமே இல்லை. நான் முதலில் இதைத்தான் வைத்தேன். அப்புறம் ஒருநாள் எழுத்துருவை மாற்றியபோது ஒரு கோப்பில் மாற்றினேன், இன்னொன்றை மறந்தேன். கணக்குப் பிரிவில் மட்டும் மூன்று மாதம் பழைய எழுத்துரு ஓடியது. அன்றே கேள்விக்குறிக்கு மாறிவிட்டேன்.

எந்த வழியானாலும் சர்வர் ஒத்துழைக்க வேண்டும். எச்டிடிபிஎஸ் தளத்தில் 'சேமிக்காதே' என்று சர்வர் சொல்லி அனுப்பினால், ஐ.ஈ. 8 ஈஓடியை வாங்கியும் பயன்படுத்தாது. எழுத்துரு வேறு டொமைனில் இருந்தால் ஃபயர்ஃபாக்ஸும் ஐ.ஈ. 9உம் அந்த டொமைனின் சர்வரிடம் அனுமதி கேட்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தமிழ் உடைந்து தெரிந்தால்? இங்கேதான் ஆங்கிலத் தளக்காரர்களின் குறிப்புகள் நமக்கு உதவாது. வெறும் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு வந்து சேரவில்லை, அல்லது அளவைக் குறைக்கிறேன் என்று எழுத்துரு வடிவம் மாற்றும் கருவியில் போட்டபோது தமிழ் எழுத்துகளே வெட்டுப்பட்டுவிட்டன. 'கொடி'யில் கொம்பு ககரத்துக்கு இடப்புறம் சரியாக நின்று, 'கு' மட்டும் ககரமும் தனிக்குறியுமாகப் பிரிந்தால், கோப்பிலிருந்து ஜிசப் அட்டவணை (எழுத்தையும் குறியையும் சேர்த்து ஒரே வடிவமாக்கும் விதிகள்) போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். கொம்பே வலப்புறம் நின்றால் விண்டோஸின் சொந்தத் தமிழ் எழுத்துருவான லதாவில் போட்டுப் பாருங்கள். லதாவிலும் அப்படியே என்றால் குற்றம் எழுத்துருவில் இல்லை. எக்ஸ்பியில் சிக்கலான எழுத்துகளுக்கான ஆதரவை நிறுவவில்லை. கண்ட்ரோல் பேனலின் மொழிப் பகுதியில் ஒரு டிக், கூடவே எக்ஸ்பி சிடி கேட்கும். அந்த சிடி யார் மேசையில் இருக்கிறது என்பது தனிக்கதை.

2000 வாக்கில், யூனிகோடு பரவுமுன் இருந்த டிஸ்கி, டாப் என்ற தமிழ்க் குறியேற்றத் தளங்களில் இந்தத் தலைவலி இல்லை. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு முதலில் பதிவாகும். ஈஓடி வந்தால் போதும், தமிழ் வந்துவிடும். தேடினால் கிடைக்காது என்பது வேறு.

கடைசியில் அந்த அலுவலகத்தில் ஐ.ஈ. 8க்கு வலை எழுத்துருவே வேண்டாம் என்று லதாவை விட்டுவைத்தேன். தளம் அழகாக வேண்டும் என்றவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் 52 நிறுவிக் கொடுத்தேன். எக்ஸ்பியில் ஓடும் கடைசிப் பதிப்பு அது; விண்டோஸை நம்பாமல் தானே கொம்பை இடம் மாற்றும். உள்வலைக்கு மட்டும், வெளி இணையத்துக்கு வேண்டாம் என்று மானிட்டரில் ஒரு சீட்டும் ஒட்டினேன்.