செட்டப் என்ற பெயரில் ட்ரஸ் ராடை மட்டும் முறுக்கித் தருகிறார்கள்: கிட்டார் வைத்திருப்போர் கவனத்திற்கு

தந்திகள் மிக உயரமாக இருக்கின்றன என்று அக்கூஸ்டிக் கிட்டாரைச் செட்டப்புக்கு (தந்தி உயரம், கழுத்து வளைவு போன்றவற்றைச் சரிசெய்யும் வேலைக்கு) கொடுக்கவிருப்பவர்கள், சென்னையில் ஒரு கடையில் எனக்கு நேர்ந்ததைப் படித்துவிட்டுக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் கிட்டாரில் 12ஆம் ஃபிரெட்டில் (ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தடித்த ஈ தந்தியான ஆறாம் தந்திக்குக் கீழே ஏறத்தாழ 4 மி.மீ. இடைவெளி இருந்தது, அங்கே 2.5 மி.மீ. அளவில் இருந்தால் விரல் நோகாமல் வாசிக்கலாம். கடைக்காரர் அளவுகோலைக்கூட எடுக்காமல், எலும்புச் சாடில் (உடல் பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டு) போட்டு முழு செட்டப் செய்வதாகச் சொல்லி 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். திரும்பி வந்த கிட்டாரில் உயரம் குறைந்திருந்தது உண்மைதான்; ஆனால் முதல் சில ஃபிரெட்டுகளில் எங்கே அழுத்தினாலும் தந்தி இரைந்தது. ஆறாம் தந்தியை முதல் ஃபிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் 14ஆம் ஃபிரெட்டிலும் ஒருசேர அழுத்திப் பார்த்தேன். நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையுமளவு இருக்க வேண்டிய இடைவெளி அறவே இல்லை. தந்தி ஃபிரெட்டின் மேலேயே படுத்திருந்தது.

கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடை அளவுக்கு மீறி இறுக்கி, கழுத்தைப் பின்னோக்கி வளைத்தே உயரத்தைக் குறைத்திருக்கிறார்கள். ட்ரஸ் ராட் கழுத்தின் வளைவைச் சரிசெய்வதற்கானது. உயரத்தைக் குறைக்கச் சாடிலின் அடிப்பாகத்தைத்தான் சமமாகத் தேய்க்க வேண்டும். 12ஆம் ஃபிரெட்டில் 1 மி.மீ. குறைய, சாடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டியிருப்பதால் அது பொறுமை கேட்கும் வேலை.

சந்தேகப்பட்டுச் சாடிலைக் கழற்றி, காய்ச்சிய ஊசிமுனையை அதன் அடியில் வைத்தேன். சாடில் இளகி ஊசி உள்ளே இறங்க, பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. எலும்பாக இருந்தால் உருகாது, முடி கருகும் வாடைதான் வரும்.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, "மழைக்காலத்துல மரம் ஊதும் சார், அப்படித்தான் இரையும்" என்றார். ஈரத்தில் மேல்பலகை உப்பினால், அதில் ஒட்டிச் சாடிலைத் தாங்கியிருக்கும் பிரிட்ஜும் சேர்ந்து எழும்பித் தந்தி உயருமே தவிர, ஃபிரெட்டில் படியாது. இதை எடுத்துச் சொல்லியும் பணம் திரும்பவில்லை.

பிறகு வேறொருவர் ராடைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்தி, உண்மையான எலும்புச் சாடிலைத் தேய்த்துப் பொருத்திய பின்பே கிட்டார் சரியான நிலைக்கு வந்தது. ஆகவே கிட்டாரைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் உங்கள் எதிரிலேயே 12ஆம் ஃபிரெட்டில் அளக்கச் சொல்லுங்கள். பழைய சாடிலைக் கேட்டு வாங்குங்கள். சாடில் எதனால் ஆனது என்பதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். சாடில் ஏற்கெனவே பிரிட்ஜை ஒட்டித் தாழ்ந்திருந்தால் தேய்க்க இடமிருக்காது, கழுத்தையே பிரித்து ஒட்ட வேண்டிவரலாம். வேலை தெரிந்தவர் அதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுவார்.